ஈயம் குடித்த துப்பாக்கி

அத்தியாயம் 4

“துப்பாக்கி ஆசாமின்னு நியூஸ்ல போட்டிருக்கான் மேடம் என் தம்பிய! ஆசாமியாம்! போன மாசம் வரைக்கும் அவன் கைல இருந்த ஒரே ஆயுதம் பொது அறிவு கைடுதான்!”

கயல்விழி செல்போனை மேஜையில் அடித்த அடியில் டீ கிளாஸ் ஒருமுறை குதித்து அடங்கியது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். ‘ஜான்சி, தனியார் துப்பறிவாளர்’ என்று வாசலில் சின்னதாக ஒரு போர்டு. ஜான்சிக்கு நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம் வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கிற வேலையில் இருந்து, ஒருநாள் கம்பெனியின் பொய்யையே பிடித்துவிட்டதால் வெளியே வந்தவள். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும். அவளுக்கு இறங்கும்.

“மொதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றாள், மிக மெதுவாக.

அவளுடைய உதவியாளன் காத்தவராயன் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

கயல்விழி சொன்னாள். திருவந்திபுரம் பக்கத்தில் அவள் அப்பா வீட்டில் நான்கு தலைமுறையாக ஒரு துப்பாக்கி இருக்கிறது. குழாயின் வாய் வழியாக வெடிமருந்து கிட்டித்துச் சுடுகிற பழைய ரகம். கரும்புக் கொல்லையில் பன்றி விரட்ட வாங்கியது. தாத்தா காலத்தில் ஒரு கல்யாணத்தில் பெருமைக்காக வேட்டு விடப்போய், மாப்பிள்ளைத் தோழனின் மூன்று விரல் பந்தலோடு போயிற்று. தாத்தா அன்றே ஈயத்தைக் காய்ச்சிக் குழாய்க்குள் ஊற்றிவிட்டார். அதற்கப்புறம் அது சுடவும் இல்லை, சுடவும் முடியாது. ஆயுத பூஜைக்குப் பரணிலிருந்து இறங்கும், மறுபடி ஏறும். அவ்வளவுதான். சுடவே முடியாத அந்தக் காலத்துச் சாமானுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் அப்பாவுக்கு அதன் மதிப்பு என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. சிதம்பரத்தில் மணவாளன் என்ற ‘தொல்லாயுத மதிப்பீட்டாளரிடம்’ கொடுத்தார்கள். துப்பாக்கி அங்கே இருக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

“எங்க வீட்டுக்காரருக்குக் கடை சிதம்பரத்துல. காரியத்தன்னிக்கு அவருதான் வேட்டில சுத்தின மேனிக்குக் கொண்டாந்தாரு. ‘பைசா பெறாதுன்னுட்டாரு அந்தாளு, மேல போடுங்க’ன்னாரு. போட்டோம். அப்பா செத்த வருஷம், பண்டிகை கெடையாது, பூஜை கெடையாது. ஒருத்தரும் அந்த மூட்டைய அவுக்கல மேடம். அவுத்தது போலீஸ்தான்.”

யாரோ ஸ்டேஷனுக்குப் போன் செய்திருக்கிறார்கள். பரணில் இருந்த மூட்டைக்குள் இருந்தது, நன்றாகச் சுடக்கூடிய நாட்டுத் துப்பாக்கி.

“‘ஈயம் ஊத்துனது சார், சுடாது சார்’னு கத்தினான் என் தம்பி. அவுங்க கொழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ‘எங்கடா ஈயம், எறும்பு தூக்கிட்டுப் போயிடுச்சா’ன்னு சிரிச்சாங்க.”

தம்பி செந்தமிழ்செல்வன் இப்போது ரிமாண்டில். அவன் பெட்டியில் கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கான ஆர்டர். திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். இன்று வெள்ளி. ஆறு தடவை பரீட்சை எழுதி வாங்கிய வேலை.

“அசல் துப்பாக்கி கெடச்சா, மாத்திட்டாங்கன்னு கோர்ட்ல காட்டிடலாம்னு வக்கீலம்மா சொல்றாங்க. இல்லன்னா இனிமே அவன் எந்த வேலைக்கும் போவ முடியாது.”

ஜான்சி செல்போனை எடுத்தாள். போலீஸ் பத்திரிகைகளுக்குக் கொடுத்த படம். ஐந்து காவலர்கள், ஒரு மேஜை, மேஜைமேல் துப்பாக்கி. பெண் பார்த்து முடித்த திருப்தியில் நிற்கும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஐந்து பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் தலைகுனிந்து செல்வன்.

“ஆயுத பூஜைக்கு உங்க வீட்ல துப்பாக்கிக்கு என்ன வெப்பீங்க?” என்றாள் ஜான்சி.

“சுண்டலுங்களா?” என்றான் காத்தவராயன்.

“உன்னக் கேக்கல.”

“நாமம்,” என்றாள் கயல்விழி. “எங்க கொலசாமி திருவந்திபுரம் பெருமாளு. கட்டைல வெள்ளையா நாமம், நடுவுல செவப்பு. அம்மாதான் போடுவாங்க.”

ஜான்சி படத்தைப் பெரிதாக்கி அவள் முன் தள்ளினாள். துப்பாக்கியின் மரக்கட்டையில் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடுகள். நடுவில் குங்குமம். அழகான விபூதிப் பட்டை.

கயல்விழி குனிந்து பார்த்தாள். “தம்பி மூஞ்சியப் பாத்த கண்ணு இதுக்கு வரவே இல்ல மேடம். இது எங்களுது இல்ல. எங்க வீட்டுப் பரண்ல பட்டைக்கு என்னா வேலை?”

“எப்பிடிக்கா கண்டுபிடிச்ச?” என்றான் காத்தவராயன்.

“ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவடா நான். நெத்தியில ஒண்ணும் இல்லாதவளுக்குத்தான் அடுத்தவன் நெத்தி பளிச்சுனு தெரியும்.” ஜான்சி எழுந்தாள். “எவனோ துப்பாக்கிய மாத்திட்டு, பூஜை பண்ண பழைய சாமான் மாதிரி ஜோடிச்சிருக்கான். யாரு வீட்டுப் பூஜைன்னு யோசிக்கல. மூட்டை கடைசியா இருந்தது மணவாளன் கைல. வண்டிய எடு.”

காத்தவராயன் ஓட்டிய ஆம்னி வேன் சிப்காட் தொழிற்பேட்டையைக் கடந்தபோது ஜன்னல்களை ஏற்றினார்கள். அந்தக் காற்றில் ஒரு கெமிஸ்ட்ரி பாடமே இருக்கும்.

“அக்கா, முன்னூறு வருஷத்துத் துப்பாக்கிய மதிப்பிடுறாரே, இந்த நாத்தம் எந்த நூற்றாண்டுன்னும் கேக்கலாமா?”

யாரும் சிரிக்கவில்லை. கயல்விழி வழி முழுவதும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். மூடிய கண்ணாடியில் அவள் மூச்சு பட்டுப் பட்டு மறைந்தது.

மணவாளன் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு ஒரு பெயர்ப்பலகை நின்றது. ‘முனைவர் (கௌரவம்) மணவாளன், தொல்லாயுதச் செம்மல், மதிப்பீட்டு மாமணி, படைக்கலப் பேரறிஞர்.’ பட்டங்களுக்கு இடம் போதாமல் செல்போன் எண் பக்கவாட்டில் நெடுக்காக இறங்கியிருந்தது.

“பிச்சாவரம் பக்கம் ரிசார்ட் கட்டற முதலாளிக்காக வந்திருக்கோம்,” என்று ஜான்சி உள்ளே சொல்லியனுப்பினாள். “சுவத்துல மாட்ட ராஜ காலத்துச் சாமான் வேணும்.” கயல்விழியின் கையை அழுத்தினாள். “நீங்க என் தங்கச்சி. நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க.”

கதவு திறந்தது. ஜரிகை அங்கவஸ்திரத்தோடு மணவாளன் வந்தார். அவர் நெற்றியில், புருவத்தில் ஆரம்பித்து வழுக்கையின் எல்லை வரை, யானைக்குப் போடுகிற அளவில் நாமம்.

ஜான்சியின் முகம் மாறியது.

“நம்ம தியரிக்கே நாமம்க்கா,” என்று காத்தவராயன் அவள் காதருகே முனகினான்.

“வாருங்கள்,” என்றார் மணவாளன். “நடராஜர் ஊராக இருந்தாலும் நாங்கள் பரம்பரையாகக் கோவிந்தராஜர் பக்கம். இவ்வில்லத்தில் விபூதி வாசனையே கிடையாது.”

கேட்காமலே சாட்சி சொல்கிற மனிதர்.

ஹால் முழுவதும் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கொரு சீட்டு. ‘பல்லவர் கால எறிகுண்டு’ என்ற சீட்டின் கீழ் ஒரு குழவிக்கல். ‘பாளையக்காரர் ரகசியக் குழல்’ என்பதன் கீழ் பூச்சிமருந்து அடிக்கும் பம்பு, கைப்பிடி மட்டும் கழற்றப்பட்டது. காத்தவராயன் குழவிக்கல்லின் முன் பக்தியோடு நின்றான். “இதால எத்தினி பேரு செத்தாங்க ஐயா?”

“கணக்கில்லை.”

“எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குது. சட்னிதான் சாவுது.”

மணவாளன் அதைக் காதில் வாங்காமல் நடு மேஜைக்குப் போய்ச் சிவப்பு வெல்வெட்டை விலக்கினார். கயல்விழியின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. ஜான்சி அவள் காலை மிதித்தாள்.

நீளமான துப்பாக்கி. கறுத்த கட்டை, பித்தளைப் பூண்.

“இது என் முப்பாட்டனார் சொத்து,” என்று ஆரம்பித்தார் மணவாளன். “புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர், தம் திருக்கரத்தால், போரில் காட்டிய வீரத்துக்காக, ஆயிரத்து எழுநூற்று ஐம்பதில் வழங்கியது. தூக்கிப் பாருங்கள். இந்தக் கனம் இருக்கிறதே, பிரெஞ்சு இரும்புக்கே உரிய லட்சணம். எடையை வைத்தே நாட்டைச் சொல்லிவிடுவேன்.”

ஜான்சி தூக்கினாள். அநியாயக் கனம். விசைக்குப் பக்கத்தில் இருந்த இரும்புத் தகட்டை முந்தானையால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு கிரீடம். அதன் பக்கத்தில் இங்கிலீஷில் டவர் என்ற சொல், லண்டன் ஆயுதசாலையின் முத்திரை. கீழே 1862.

“ஐயா, பிரெஞ்சு கவர்னர் எதுக்கு இங்கிலாந்து ராணியோட கிரீடத்தக் குத்திக் கொடுத்தாரு?”

“அது... கைப்பற்றப்பட்டதாக இருக்கலாம்.”

“நூத்திப் பன்னெண்டு வருஷம் கழிச்சுச் செய்யப்போற துப்பாக்கிய முன்கூட்டியே கைப்பத்திட்டாங்களா?” என்றான் காத்தவராயன். “அப்ப பெரிய வீரந்தான்.”

மணவாளனின் நாமம் லேசாகச் சுருங்கியது. ஜான்சியின் குரல் இறங்க ஆரம்பித்தது.

“வருஷத்த விடுங்க. இது சுடுமா?”

“சுடுமாவா! சென்ற மாதம்கூட என் கையால் சுட்டேன். வெள்ளாற்றில் இருந்த கொக்கெல்லாம் வீராணம் ஏரிக்கு ஓடிவிட்டன.”

“லைசென்ஸ் காட்டுங்க.”

“லைசென்ஸா? இது... அலங்காரப் பொருள். சுடாது.”

“ஏன் சுடாது?”

“பழசு அல்லவா...”

“எங்க கெட்டுப்போச்சு? எடையை வெச்சு நாட்டச் சொல்றவரு, இதச் சொல்ல மாட்டீங்களா?” ஜான்சி திரும்பாமல் கையை நீட்டினாள். “காத்தவராயா, குச்சி.”

கதவு மூலையில் சாய்ந்திருந்த தென்னந்துடைப்பத்திலிருந்து காத்தவராயன் நல்ல நீளமான குச்சியாக ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். ஜான்சி அதைக் குழாய்க்குள் விட்டாள். ஒரு சாண்கூடப் போகவில்லை. டக் என்று நின்றது. இன்னொரு தடவை விட்டாள். அதே டக்.

“உள்ள முழுசும் ஈயம். நீங்க தூக்கித் தூக்கி ரசிச்ச பிரெஞ்சு இரும்பு அதுதான். மதிப்பீட்டு மாமணி ஒருநாளாவது கொழாய்க்குள்ள பாத்தீங்களா?” அவள் குரல் இப்போது கிட்டத்தட்ட கேட்கவே இல்லை. “சுடும்னா லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்கீங்க, உள்ள போறீங்க. சுடாதுன்னா இது இவுங்க தாத்தா ஈயம் ஊத்தின துப்பாக்கி, திருட்டுச் சாமான், அப்பவும் உள்ள போறீங்க. எது வசதி?”

“யோவ்!” கயல்விழியால் அதற்கு மேல் முடியவில்லை. “முப்பாட்டன் சொத்தா? எங்க அப்பா உன்ன நம்பிக் குடுத்தது! கட்டையத் திருப்பு, அடில எங்க அம்மா போட்ட நாமத்தோட கறை அப்பிடியே இருக்குது! என் தம்பி உன்னால ஜெயில்ல கம்பி எண்றான்யா!”

அங்கவஸ்திரம் நழுவி விழுந்தது. அதோடு செந்தமிழும் விழுந்தது. “ஐயோ, நான் திருடன் இல்லம்மா! பணம் குடுத்து வாங்கனது! ஒங்க வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லித்தான் வித்தாரு. போலீஸ், ஜெயிலு எதுவும் எனக்குத் தெரியாது, பெருமாள் மேல சத்தியம்!”

“யாரு வித்தது?”

“ஒங்க வீட்டு மாப்பிள்ளைதாம்மா. வடக்கு வீதில ஹார்டுவேர் கடை வெச்சிருக்காரே.”

குழவிக்கல் இருந்த பெட்டியைக் கயல்விழி பிடித்துக்கொண்டாள்.

“பொய்,” என்றாள். ஆனால் அது கேள்வி மாதிரி வந்தது.

ஜான்சி அவளைப் பார்க்காமல் சொன்னாள். “தப்பு என்னுதுங்க. மூட்டை கடைசியா இருந்தது இவர் கைல இல்ல. இவர் கைலேர்ந்து உங்க பரணுக்கு நடுவுல இன்னொரு கை இருந்துச்சு. அத நான் எண்ணல.”

“அவரு அப்பிடிச் செய்ய மாட்டாரு மேடம்.”

“அவரே சொல்லட்டும். நீங்க கடைக்கு வெளிய நில்லுங்க.”

துப்பாக்கியை அதே சிவப்பு வெல்வெட்டில் சுற்றிக் காத்தவராயன் தோளில் சாய்த்துக்கொண்டான். மணவாளன் தடுக்கவில்லை. வெல்வெட்டை மட்டும் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். காத்தவராயன் பார்த்த பார்வையில் அதையும் கேட்காததாக ஆக்கிக்கொண்டார்.

மத்தியான நேரம், வடக்கு வீதிக் கடையில் கூட்டம் இல்லை. வாசலில் பிவிசி குழாய்கள், உள்ளே ஆணி டப்பாக்கள். ஷட்டரில் மூன்று கோடு. தராசில் மூன்று கோடு. கல்லாவில், டிரில்லிங் மெஷினில், வாசலில் நின்ற புத்தம்புது புல்லட்டின் டேங்கில், எல்லாவற்றிலும் குறுக்கே மூன்று கோடு, நடுவில் குங்குமம். கல்லாவில் இருந்தவரின் நெற்றியிலும் அதே கை வேலை.

“வாங்க, இன்னா வேணும்?”

“ஜான்சி. உங்க மச்சான் கேஸப் பாக்கறேன்.”

“அடடே, கயலு சொன்னா. உக்காருங்க மேடம். பாவம் மேடம் பையன். அந்த மணவாளன் பயதான் மாத்திருப்பான். அவன சும்மா வுடாதீங்க.”

“அதான் ஒரு சின்னச் சந்தேகம். படத்துல துப்பாக்கியில பட்டை போட்டிருக்குது. உங்க மாமனார் வீட்ல அப்பிடித்தான் கும்பிடுவாங்களா?”

“பின்ன? விபூதிப் பட்டைதான், நடுவுல குங்குமம். வருஷா வருஷம் நானே கூட நின்னு பாத்திருக்கேனே! அதனாலதான் போலீஸும் இது பரம்பரைச் சாமான்னு புடிச்சுக்கிச்சு.”

“ஒரு வருஷம் வந்திருக்கீங்களா?”

குழாய்களுக்குப் பின்னாலிருந்து கயல்விழி வந்தாள், அவள் பின்னாலேயே காத்தவராயன். அவர் எழுந்தே விட்டார்.

“ஒரு வருஷம்? ஒரே ஒரு வருஷம்? ‘கடைல பூஜை, கடைல பூஜை’ன்னு ஒருநாளு வந்ததில்ல நீங்க. எங்க வீட்ல பெருமாளா சிவனான்னுகூட ஒங்களுக்குத் தெரியல. பொண்ணு எடுத்த வூட்டுச் சாமிய ஒருதரம் திரும்பிப் பாத்திருந்தா, திருடுறதயாவது ஒழுங்கா திருடியிருப்பீங்க!”

“கயலு, உள்ள வா, ஜனங்க பாக்குது...”

“பாக்கட்டும். வித்தீங்க, சரி. ஸ்டேஷனுக்கு எதுக்குப் போன் பண்ணீங்க?”

அவர் காத்தவராயன் தோளில் இருந்த வெல்வெட்டைப் பார்த்தார். பிறகு பொய் சொல்லத் தெம்பில்லாமல் பேசினார். “அடுத்த மாசம் மாமனாருக்கு வருஷ திதி. அது முடிஞ்சதும் மூட்டைய அவுத்துப் பூஜை போடணும்னான் உன் தம்பி. அவுத்தா, வேட்டைக்காரன் ஒருத்தன்ட்ட வாங்கி நான் வெச்ச துப்பாக்கின்னு தெரிஞ்சுடும்ல? போலீஸு தூக்கிட்டுப் போயிட்டா யாரும் பாக்க மாட்டாங்கன்னு... ரெண்டு நாளுல வுட்டுருவாங்கன்னு நெனச்சேன் கயலு. சத்தியமா.”

“அவன் வேலை?”

“வேலை, வேலை!” திடீரென்று அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “அவன் ஆர்டர் வந்த அன்னிலேர்ந்து உங்க வீட்ல வேற பேச்சே இல்ல. விஏஓ சாரு, விஏஓ சாருன்னு. நான் ஆணி நிறுத்துக்கிட்டுக் கெடக்கறேன், என்ன ஒருத்தன் மதிச்சானா?”

“இப்ப மதிப்பாங்க மொதலாளி,” என்றான் காத்தவராயன். “ஸ்டேஷன்ல சேரு போடுவாங்க.”

கயல்விழி போனை எடுத்தாள். வக்கீல் அருள்மொழியின் எண். ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாமேல் வைத்தாள். ஜான்சி குனிந்து, துப்பாக்கி கிடைத்ததையும் துடைப்பக்குச்சி நின்ற இடத்தையும் சுருக்கமாகச் சொன்னாள்.

“சூப்பர்!” என்றது அருள்மொழியின் குரல். “அது சுடாது பாருங்க, அதுதான் அதோட மொத்த மதிப்பு. ஜட்ஜ் முன்னாடியே குச்சிய விட்டுக் காட்டிடலாம். நாளைக்கே மனு போடறேன், திங்கக்கெழம பையன் வேலைல சேருவான். ஆனா மாத்தினவன் மேல புகார் இல்லாம மனு நிக்காது. யாருன்னு தெரியுமா, இல்ல அடையாளம் தெரியாத நபர்னு போடட்டுமா?”

“கயலு,” என்றார் அவர், கல்லாவுக்குப் பின்னால் கை கூப்பி. “ரெண்டு புள்ளைங்க இருக்குது. தெரியாத நபர்னு சொல்லிடு. நான் எப்பிடியாவது சரி பண்ணிடறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் மகனைச் சொல்லச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் ஆதார் கார்டை நீட்டுவாள்.

“கதிரவன்,” என்றாள்.

“பஸ் சத்தம், கேக்கல. என்ன பேரு?”

“கதிரவன்!” வடக்கு வீதியில் எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். “க-தி-ர-வன். என் புருஷன். எழுதிக்குங்க மேடம்!”